சின்னம்மாவின் முதல் வோட்டு

தேர்தலன்று காலையில் கொழும்பு வெள்ளவத்தை வேறு ஊர் மாதிரி இருக்கும். காலி வீதியில் பஸ் குறைவு, கடைகள் பாதிக்கு மேல் பூட்டு. முதல் நாளே பாணும் பருப்பும் பால்மாவும் வாங்கி அடுக்கிவிடுவோம். எவர் நின்றாலும் எவர் வென்றாலும், பிறகு என்ன நடக்குமோ என்ற யோசனை எங்கள் சனத்தை விட்டுப் போகவில்லை. எண்பத்துமூன்றில் தமிழரை அடித்த கலவரத்தைக் காணாத பிள்ளைகள்கூட இன்றைக்கும் அப்படித்தான் மா வாங்கி வைக்கிறார்கள். வெள்ளென வோட்டைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் அடைந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் அந்த வருடம் அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, விடியமுன்னரே குளித்து, கோயிலுக்கு உடுக்கும் சேலையோடு வாசலில் நின்றார். அறுபது தாண்டிய வயதில் அவருக்கு அது முதல் வோட்டு. நம்ப மாட்டீர்கள், ஆனால் உண்மை. இளம் வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கொட்டாஞ்சேனையிலும் பாமன்கடையிலும் வாடகை வீடு வாடகை வீடாக மாறிக்கொண்டிருந்தவர். வாடகைக்கு இருப்பவரின் பெயரை வாக்காளராகப் பதிந்தால் வீடே கைவிட்டுப் போய்விடும் என்று பயந்து, எந்த வீட்டுக்காரரும் அவரைப் பதிய விடவில்லை. மகன் கனடாவில் உழைத்து ஒரு சின்ன ஃப்ளாட் வாங்கிக் கொடுத்த பிறகுதான் வாக்காளர் இடாப்பில் அவருடைய பெயர் ஏறியது. வாக்காளர் அட்டை வந்த அன்று அதைச் சாமிப் படத்தடியில் வைத்தார். "இவ்வளவு காலமும் நான் கொழும்பிலை இருக்கிறனெண்டு ஒருத்தருக்கும் தெரியாதடி பிள்ளை" என்றார்.

பள்ளிக்கூட வாசலில் நீண்ட வரிசை, ஆனால் சத்தமில்லை. சிங்களவர், முஸ்லிம்கள், நாங்கள் எல்லாரும் ஒன்றாக நின்று வெயிலைப் பற்றி மட்டும் கதைத்தோம். யாருக்குப் போடப் போகிறோம் என்பது முகத்தில் தெரிந்துவிடுமோ என்ற பயம். பின்னால் நின்ற ஒரு மனுசிதான், "ஆர் வந்தாலும் எங்களுக்கு உந்தக் கதிதான்" என்று முணுமுணுத்தார். சின்னம்மா திரும்பி முறைத்த முறைப்பில் அவருடைய வாய் மூடிக்கொண்டது.

திரும்பி வந்தபோது கீழ்வீட்டு முஸ்லிம் அண்ணர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், படியடியில் நின்றார். கச்சேரி என்ற மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், எத்தனையோ தேர்தலில் வாக்கு எண்ணப் போனவர்.

"போட்டாச்சா அக்கா?"

"ஓம் நானா, வடிவாப் போட்டனான். மேலை பிள்ளையார் சுழி போட்டிட்டுத்தான் தொடங்கினனான். முதன்முதலாப் போடுறன், பிள்ளையாரை மறக்கேலுமே?"

கடைக்குச் சாமான் துண்டு எழுதினாலும் சுழி போட்டே எழுதுகிறவர் சின்னம்மா. வாக்குச் சீட்டின் தலையில் வெறும் இடத்தைக் கண்டால் கை சும்மா இருக்குமா? நானாவின் முகம் மாறிவிட்டது.

"அல்லாஹ்வே! அதுல ஆளுக்கு நேரே 1, 2ன்னு நம்பர் மட்டுந்தான் போடணும் அக்கா. வேற என்ன கீறினாலும், வோட்டுப் போட்ட ஆள அடையாளம் காட்டுற மாதிரின்னு தள்ளிருவாங்க."

சின்னம்மா வந்த வழியே விறுவிறென்று நடந்தார். நான் பின்னால் ஓடினேன். வாசலில் நின்ற அதிகாரியிடம் தனக்குத் தெரிந்த சந்தைச் சிங்களத்தில், அந்தச் சீட்டை எடுத்துத் தாருங்கள், சுழியை அழித்துவிட்டுத் தருகிறேன் என்று கெஞ்சினார். பெட்டிக்குள் போட்டால் போட்டதுதான் அம்மா என்று அவர் தன்மையாகத்தான் சொன்னார். அப்படியென்றால் வேறு சீட்டாவது தாருங்கள் என்று கேட்டார். அவர் சின்னம்மாவின் சின்னவிரலில் இருந்த மையைக் காட்டினார்.

அன்று முழுக்கச் சின்னம்மா சாப்பிடவில்லை. "வராது வராதெண்டிருந்து வந்ததை நானே நாசமாக்கிப் போட்டன்" என்று சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தபடி இருந்தார். பிள்ளையார் பார்த்துக்கொள்வார் என்று சொல்ல வாயெடுத்து, நல்லகாலம், அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை எங்கள் தொகுதியின் முடிவு தொலைக்காட்சியில் வந்தது. நானாவும் மேலே வந்திருந்தார். யார் முன்னால், யார் பின்னால் என்று நாங்கள் வாய்ச்சண்டை பிடித்துக்கொண்டிருக்க, வெளியே எங்கோ வெடி கொளுத்தினார்கள். சின்னம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டப் போனார். வென்றவரையும் பார்க்கவில்லை, தோற்றவரையும் பார்க்கவில்லை. அடியில் இருந்த நிராகரிக்கப்பட்ட வாக்குகளின் எண்ணிக்கையில் விரலை வைத்தார்.

"உதுக்குள்ளை ஒண்டு என்ரை" என்றார். "தள்ளினாலும், எண்ணிப்போட்டுத்தானே தள்ளியிருக்கினம்."