பனியன் கழுத்தில் தைத்த நம்பர்

திருப்பூரில் நான் விற்ற முதல் கம்பியில்லாத போன், பார்ப்பதற்குச் சாதாரண வீட்டு போன் மாதிரியே இருக்கும். பின்பக்கம் மட்டும் ஒரு விரல் நீளத்துக்கு ஏரியல். கம்பம் வேண்டாம், ஒயர் வேண்டாம், லைன்மேனுக்குக் காத்திருக்க வேண்டாம். கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த முதல் வருடங்களில், லேண்ட்லைனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்துக் காத்துச் சலித்துப்போன ஊர் இது. பையிலிருந்து போனை எடுத்து மேசைமேல் வைத்து, டயல் டோனைக் காதில் கேட்கவைத்தால் போதும். பனியன் கம்பெனிக்காரர் பேனாவைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

அந்த போன் கம்பெனியின் பெயர் இப்போது எதற்கு? நான் அதன் ஏஜென்ட். டை கட்டச் சொன்னார்கள், கட்டினேன். சாயப்பட்டறையின் ஆவிக்குள் டையோடு போய் நின்ற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். எல்லோரிடமும் ஒரே வசனம். "ஊடு மாத்தினாலும் சரி, யூனிட்ட மாத்தினாலும் சரி, இந்த நம்பர் மட்டும் மாறாதுங்க." ட்ரெய்னிங்கில் சொல்லிக்கொடுத்தது அது. ஆனால் நான் நம்பித்தான் சொன்னேன். அப்படி நம்பியதற்காக என்மேல் எனக்கு இன்னமும் கோபம் இருக்கிறது.

பிறகு அதே கம்பெனி செல்போனும் விட்டது. சிம் கிடையாது, நம்பர் போனுக்குள்ளேயே இருக்கும். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் நான் கொடுத்த போன்தான் அடித்தது. எங்கள் வீட்டிலும் அதுதான்.

அப்பா சோமனூரில் விசைத்தறி ஓட்டியவர். அம்மா போனபிறகு எங்களோடு வந்து இருந்தார். வந்த கொஞ்ச நாளில் மறதி ஆரம்பித்தது. முதலில் கண்ணாடியை மறந்தார், பிறகு சாப்பிட்டதை மறந்தார், பிறகு வீட்டுக்கு வரும் வழியை மறந்தார். "தறிக்குப் போய்ட்டு வந்தர்றேன்" என்று கிளம்பிவிடுவார். இரண்டு தடவை தேடிப் பிடித்துக் கூட்டிவந்தோம்.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது என் மனைவி. அவள் ஒரு பனியன் கம்பெனியில் தையல் மெஷினில் இருந்தாள். "ஏனுங்க, எந்த நாட்டுக்கோ போற துணிக்கெல்லாம் கழுத்துல லேபிள் வெச்சுத் தெச்சு அனுப்பறோம். மாமாவுக்கு ஒண்ணு வெக்கக்கூடாதுங்களா?" என்றாள். லேபிள் பிரிண்டிங் வைத்திருந்த நண்பனிடம் போனேன். ஆயிரத்துக்குக் குறைந்தால் மெஷினை ஓட்டமாட்டேன் என்றான். "ஒரு அப்பனுக்கு ஆயிரம் லேபிள் அடிக்கற மொத ஆளு நீதான்டா" என்று சிரித்துக்கொண்டே அடித்தும் கொடுத்தான். வெள்ளை சாட்டின் நாடா, நீல எழுத்து.

பெயர் போட வேண்டாம் என்றது அப்பாதான். அன்றைக்கு அவர் தெளிவாக இருந்தார். "வெறும் நம்பர மட்டும் போடு கண்ணு. பாக்கறவங்க ஏதோ புது பிராண்டுன்னு நெனச்சுக்குவாங்க" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். மனைவி அவருடைய எல்லாப் பனியனிலும் சட்டையிலும் லேபிளைக் கம்பெனித் தையலாகவே தைத்தாள். நூல் பிசிறு ஒன்றுகூட இல்லை.

அது பலிக்கவும் செய்தது. ஒரு தடவை அவர் பழைய பஸ் ஸ்டாண்ட் வரை போய்விட, பூ விற்கும் அம்மா ஒருவர் கழுத்தைப் பார்த்து எங்களுக்குப் போன் பண்ணினார். இருபது நிமிஷத்தில் அப்பா என் பைக்கின் பின்சீட்டில் இருந்தார். நான் சும்மா இருந்தேனா? அந்தக் கதையைப் போகிற இடமெல்லாம் சொல்லி மேலும் போன் விற்றேன்.

அப்புறம் பெரிய கம்பெனிகள் வந்தன. கால் சார்ஜை அடிமட்டத்துக்கு இறக்கின. எங்கள் கம்பெனிக்காரர்கள் புது டவர் போடுவதை நிறுத்தினார்கள். சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஏரியா மேனேஜரே வேறு கம்பெனி போனில்தான் என்னிடம் பேசினார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஒருநாள் காலை எல்லா போனும் ஒன்றாகச் செத்தன. கம்பெனியின் மாடி ஆபீஸ் பூட்டிக் கிடந்தது.

நம்பரை அப்படியே வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளும் வசதி அன்றைக்குக் கிடையாது. கம்பெனி போனால் நம்பரும் போச்சு. அட்டைப்பெட்டியிலும் போர்டிலும் நம்பரை அடித்து வைத்திருந்தவர்கள் என் வீட்டுக்கே வந்து கத்தினார்கள். அவர்கள் கேட்டது நியாயம்தான். நான் டையை எங்கேயோ தூக்கிப் போட்டுவிட்டு, ஊரோடு சேர்ந்து புதுக் கம்பெனி சிம் ஒன்று வாங்கினேன். சொந்தக்காரர், பால்காரர், கேஸ்காரர் என்று எல்லோருக்கும் புது நம்பர் சொன்னேன்.

"மாமா துணியிலெல்லாம் பழைய நம்பரு இருக்குதுங்க" என்று மனைவி ஞாபகப்படுத்தினாள்.

"மறுபடி ஆயிரம் அடிக்கணும். இந்தக் கம்பெனி எத்தன நாளைக்கோ! ஒண்ணு நெலையா நிக்கட்டும், அடிச்சுக்கலாம்" என்றேன். தொழில் தெரிந்தவன் பேசுகிற பேச்சு என்று நினைத்துத்தான் சொன்னேன். ஒரு மார்க்கர் பேனாவால் எழுதிவிட்டிருக்கலாம். லேபிள் என்றால் மெஷினில் அடித்து வருவதுதான் என்று இரண்டு பேருக்குமே புத்தியில் பதிந்துபோயிருந்தது.

மூன்றாவது வாரம் அப்பா காணாமல் போனார்.

தறிக்குத்தான் போயிருப்பார் என்று சோமனூரில் சந்து சந்தாகத் தேடினோம். இரண்டு நாள் அங்கேயே போனது. போலீஸில் எழுதிக் கொடுத்தோம். நான்காம் நாள், தாராபுரம் பக்கம் நூல் ஏற்றிப் போய்வருகிற வேன் டிரைவர் ஒருவர், அவிநாசிபாளையம் டீக்கடையில் இப்படி ஒருவரைப் பார்த்ததாகச் சொன்னார். சோமனூருக்கு நேர் எதிர்த் திசை. எந்த பஸ்ஸில் ஏறினாரோ.

டீக்கடைக்காரர் போட்டோவை வாங்கிப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் போட்டோவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நீங்க ஆருங்க?" என்றார்.

"மகனுங்க."

"உங்க நம்பர் சொல்லுங்க."

சொன்னேன். அவர் கிழித்த சிகரெட் அட்டை ஒன்றை எடுத்துப் பார்த்தார். அதில் அப்பாவின் கழுத்து நம்பர் எழுதியிருந்தது. "இது இல்லீங்களே" என்றார்.

"அது பழசுங்க. அந்தக் கம்பெனிய மூடிட்டாங்க."

"ரெண்டு நாளு இங்கதான் இருந்தாருங்க. காத்தால, மத்தியானம், சாயங்காலம்னு அடிச்சு அடிச்சுப் பாத்தனுங்க. அப்படியொரு நம்பரே இல்லைன்னு ஒரு பொம்பள சொல்லுது. பெரியவரத் தொலைச்சுக் கட்டறதுக்குன்னே இல்லாத நம்பரத் தெச்சு உட்டுட்டாங்கன்னு நெனச்சனுங்க. தையல் அவ்வளவு நீட்டா இருந்துச்சுங்க. ஏதோ தெரியாம பண்ணுனதாவே தோணல."

அப்போதும் அவர் என்னை நம்பவில்லை. தன் போனை எடுத்து நான் சொன்ன நம்பரை அழுத்தினார். என் சட்டைப்பைக்குள் போன் அடித்தது. இரண்டு ரிங் போகும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்தது கோபம் இல்லை, அவமானம். பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களும் பார்த்தார்கள். போனை நிறுத்திய பிறகுதான் இடத்தைச் சொன்னார். தாராபுரத்தில் சிஸ்டர்கள் நடத்தும் முதியோர் இல்லம். முந்தின நாள் அவரே அப்பாவோடு பஸ்ஸில் போய் விட்டுவிட்டு வந்திருந்தார்.

அங்கே அப்பா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கால் வீங்கியிருந்தது. நான் முன்னால் போய் நின்றதும் மரியாதையாக எழுந்தார்.

"அப்பா, வாங்க, ஊட்டுக்குப் போலாம்."

"நீங்க ஆருன்னு தெரியலீங்களே. எம் பையன் வருவானுங்க, அவங்கூடத்தான் போவனுங்க" என்றார். பிறகு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தலையைக் குனிந்து, பனியன் கழுத்தை விரலால் இழுத்துக் காட்டினார். "இதுக்குப் போட்டுப் பாருங்க. எம் பையனே குடுத்ததுங்க. நம்பர் மாறாதுங்க."

சிஸ்டர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பா கழுத்தை விடாமல் குனிந்தபடியே நின்றார். நான் போனை எடுத்து, அந்த நம்பரை ஒவ்வொரு எண்ணாக, அவருக்குக் கேட்கும்படி வாய்விட்டுச் சொல்லி அழுத்தினேன். அப்படியொரு எண் உபயோகத்தில் இல்லை என்று அந்தப் பெண்குரல் சொல்லி முடிக்கும்வரை காதிலேயே வைத்திருந்தேன்.

"எடுத்துட்டாருங்க உங்க பையன்" என்றேன். "உங்களக் கூட்டிட்டு வரச் சொல்றாருங்க."

"நாந்தான் சொன்னனல்லங்க" என்று சிஸ்டரிடம் சொல்லிவிட்டு, அப்பா என்னோடு கிளம்பினார்.