அம்மாவின் கொறங்காடும் நீங்கள் நடந்து வந்த இட்டேரியும்

அன்புள்ள உறவுகளுக்கும் நண்பர்களுக்கும்,

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று தம்பி சொல்லிவிட்டான். போத்தனூரில் ஒரு பம்பு செட் கம்பெனியில் வேலை பார்க்கிறவள் நான். அழகாக எழுத எனக்கு வராது. கண்ணீரோடு எழுதுகிறேன் என்று ஆரம்பிப்பதுதான் வழக்கம். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. அம்மா போன அன்றும் வரவில்லை. வராததை வந்ததாக அச்சடித்து உங்கள் கையில் கொடுக்க மனமில்லாததால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அம்மா பிறந்தது சென்னிமலைக்குப் பக்கம், வாய்க்கால் தண்ணீர் பாய்கிற தோட்டத்து வீட்டில். மஞ்சளும் கரும்பும் பார்த்து வளர்ந்தவர். பெரிய மாமாவுக்கு ஒரே தங்கை. கட்டிக்கொண்டு வந்ததோ காங்கயத்துக்குக் கிழக்கே, வானம் பார்த்த எங்கள் பூமிக்கு. தங்கையைக் கொண்டுவந்து விட்ட அன்று மாமா வேலியோரம் நின்று சுற்றும் பார்த்துவிட்டு, "என்ற தங்கச்சிய இப்படியொரு பொட்டக்காட்டுல தள்ளிப்போட்டமே" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னாராம். அப்பாவுக்கு அது சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். அவர் எதையும் வெளியே சொல்கிற ஆளில்லை.

எங்கள் பக்கத்தார் அல்லாதவர்களும் இதைப் படிப்பீர்கள். கொறங்காடு என்பது உழாமல், விதைக்காமல், ஆடுமாடு மேய்வதற்கென்றே விட்டுவைக்கும் நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, நடுவில் அங்கங்கே வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். உள்ளே போக ஒரு கடவு இருக்கும், அதை அடைக்க ஒரு படல். எங்கள் வீட்டுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே கிடப்பது அந்தக் காடுதான். அதன் ஓரமாக, இரண்டு வேலிகளுக்கு நடுவே ஒடுங்கிப் போகும் இட்டேரிதான் வீட்டுக்கு வழி.

கல்யாணமான புதிதில் ஒருநாள் அம்மா களைக்கொத்தை எடுத்துக்கொண்டு கொறங்காட்டில் இறங்கிவிட்டார். அப்பா சந்தைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், ஒரு பக்கம் முழுக்கப் புல் தூர்களைக் கொத்தி வேலியோரம் குவித்திருக்கிறார்.

"ஏனம்மணி, என்ன பண்ணீட்டிருக்கற?"

"களை எடுக்கறனுங்க. காடே பில்லாக் கெடக்குது, ஒருத்தருமே பாக்க மாட்டீங்களாட்ட இருக்குது."

"அடக் கண்ணு, அந்தப் பில்லுதான் நம்ம வெள்ளாமை."

அம்மாவே இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். கொத்திய இடத்தில் புல் மறுபடி பிடிக்க வருடக்கணக்கானதாம். அதற்கப்புறம் அந்தக் காட்டைப் பற்றி அம்மாவுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. கோடையில் கிளுவை இலையெல்லாம் கொட்டிக் குச்சியாக நிற்கும். அம்மா போகிற போக்கில் நகத்தால் ஒரு கீறு கீறிப் பார்ப்பார். உள்ளே பச்சை தெரிந்தால் சரி என்று நடப்பார். புல்லும் அப்படித்தான். மேலே வைக்கோலாகக் காய்ந்து, அடித்தூரில் மட்டும் உயிரை வைத்துக்கொண்டு கிடக்கும். மழை விழுந்தால் அங்கிருந்துதான் துளிர்த்துத் தழுக்கும். அப்படித் தழுக்கும்போது காலோ வாயோ பட்டால் தூரே போய்விடும். தூர் கட்டி, கதிர் வந்து, விதை உதிர்ந்த பிறகே ஆட்டை உள்ளே விட வேண்டும். அதுவரை படலைத் திறக்க அம்மா சம்மதிக்கமாட்டார். தம்பி ஒரு தடவை மர நிழலில் பைக்கை நிறுத்தப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டது அவனுக்கு இப்போதும் நினைவிருக்கும்.

அம்மாவின் கடைசிக் காலத்தில் மழை தொடர்ந்து பொய்த்தது. கிணறு வற்றியது, போர்வெல்லில் காற்றுத்தான் வந்தது. கொறங்காடு வெறும் தரையாகத் தெரிந்தது. டிராக்டர் விட்டு உழுதுவிடச் சொல்லாதவர்கள் ஊரில் இல்லை. "உளுதா வேரு போயிருமுங்க. வேரு போனாப் பின்ன மழை பேஞ்சுதான் என்ன?" என்று அம்மா எல்லாரிடமும் ஒரே பதிலைச் சொன்னார். ஆடுகளில் பாதியை விற்றார். மீதி ஆடுகளுக்கும் இரண்டு மாடுகளுக்கும் தீனி இல்லாமல் தவித்தபோது, பெரிய மாமா சென்னிமலையிலிருந்து லாரி நிறையச் சோளத்தட்டு அனுப்பினார். ஒரு தடவை அல்ல, கோடை முழுக்க அனுப்பினார். அம்மா ஒவ்வொரு தடவையும் போனில், "போதுமுங்கண்ணா, போதுமுங்கண்ணா" என்பார். பேசி முடித்ததும் எழுந்து கொறங்காட்டுப் பக்கம் போய்விடுவார். பிறந்த வீட்டில் கேட்டு வாங்கிப் பழக்கமில்லாதவர்.

அதன் பிறகு சிறுநீரகம் கெட்டது. கோவையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அம்மா அங்கே இருக்கும்போது ஊரில் மழை பெய்தது, நல்ல மழை. சில நாளில் அம்மா போய்விட்டார். ஆம்புலன்ஸில் கூட வந்த எனக்கு, காடு பச்சை கட்டியிருந்தது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. தெரிந்தது, அவ்வளவுதான். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அம்மாவின் செருப்பு என் மடியில் ஒரு பையில் இருந்தது.

வீட்டு விசேஷமோ காரியமோ, வருகிற வண்டிகளைக் கொறங்காட்டில் நிறுத்துவதுதான் வறண்ட வருடங்களில் வழக்கமாகியிருந்தது. அன்றும் யாரோ ஒரு புண்ணியவான் படலைத் திறந்துவிட்டார். முதல் கார் உள்ளே திரும்புகிற சத்தம் கேட்டதும், அம்மா தலைமாட்டில் மரம் மாதிரி உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து போனார். அந்தக் காரைப் பின்னால் எடுக்கச் சொல்லி, படலைச் சாத்தி, அதன் முன்னால் நின்றுகொண்டார். வந்தவர்களிடமெல்லாம் ஒரே பேச்சுத்தான். "ஏனுங்க, வண்டிய ரோட்டுலயே உட்டுப்போட்டு இட்டேரியில நடந்து வாங்க. பில்லு தளுத்திருக்குதுங்க."

பெண்டாட்டியைக் கிடத்திவிட்டுக் காட்டுக்குக் காவல் நிற்கிறாரே என்று பேசினீர்கள். பேசியது எங்கள் காதிலும் விழுந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கே அப்பா மேல் அவ்வளவு கோபம்.

பெரிய மாமாவின் வேன் உச்சி வெயிலில் வந்தது. தங்கைக்குப் போர்த்தப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். முட்டி வலியால் கோல் ஊன்றி நடக்கிறவர். டிரைவர் ஹாரன் அடித்தார். அப்பா படலை விட்டு நகரவில்லை. மாமா இறங்கினார்.

"என்ற தங்கச்சியப் பாக்க வந்தவன, இந்தப் பொட்டக்காட்டுப் பில்லுக்கோசரம் ரோட்டுல நிறுத்தறீங்களா மாப்ள?"

"நடந்து வாங்க மச்சான்."

அப்பா சொன்னது அவ்வளவுதான். தம்பி பைக்கைக் கொண்டுபோனான். மாமா ஏறவில்லை. "நான் நடந்தே வாரேன், சாமி" என்று சொல்லிவிட்டு, கோடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அந்த வெயிலில் இட்டேரி முழுக்கக் கோல் ஊன்றி வந்தார். தங்கைக்குச் செய்ய வேண்டிய முறையில் ஒன்றும் குறை வைக்கவில்லை. எல்லாம் முடிந்ததும் சொல்லிக்கொள்ளாமல் புறப்பட்டுப் போனார். கருமாதிக்கும் வரவில்லை. அப்பா போன் போட்டால் எடுப்பதில்லை. சென்னிமலைக்கு இரண்டு தரம் போன அப்பாவை மாமா பார்க்கவில்லை.

இந்தக் கட்டுரைக்காகப் போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அப்பாவிடம், அம்மா கடைசியாக என்ன பேசினார் என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் நான் மருந்து வாங்கக் கீழே போயிருந்தபோதுதான் அம்மா அப்பாவிடம் கடைசியாக வாய் திறந்தார். இத்தனை நாள் அதைக் கேட்க எனக்குத் தோன்றவேயில்லை.

"மழை பேஞ்சிருக்குதுன்னு சொன்னனம்மணி. கண்ணத் தொறந்து பாத்தா. 'படலச் சாத்திப் போடுங்க, ஆரையும் உள்ள உட்டுறாதீங்க. பில்லு தூரு கட்டட்டும். மறுக்கா எங்கண்ணங்கிட்டத் தட்டுக் கேக்கற மாதர வெச்சுறாதீங்க'ன்னா. அதுக்கப்பறம் பேச்சில்ல."

"இத மாமாகிட்டச் சொல்லியிருக்கலாமல்லங்கப்பா?"

"எப்படிச் சொல்றது? நீங்க தட்டு அனுப்புனது அவளுக்கு அத்தன கஷ்டமா இருந்துச்சுன்னு, கோடியோட நிக்கறவருகிட்டச் சொல்லச் சொல்றயா?"

அதனால் நான் சொல்கிறேன். மாமா, நீங்கள் அனுப்பிய தட்டில்தான் எங்கள் ஆடும் மாடும் பிழைத்தன. அம்மாவுக்குக் கஷ்டமாக இருந்தது தட்டு அல்ல, உங்களைச் சிரமப்படுத்துகிறோமே என்பதுதான். அன்று அப்பா காவல் காத்தது புல்லை இல்லை. உங்கள் தங்கை சொன்ன சொல்லைக் காத்தார்.

அந்தப் புல் தூர் கட்டி, கதிர் வைத்து, விதை உதிர்த்தது. போன கோடையை ஆடுகள் அதில்தான் தாண்டின. யாரிடமும் தட்டு வாங்கவில்லை. அன்று வெயிலில் நடந்து வந்த ஒவ்வொருவருக்கும் அந்தப் பச்சையில் பங்கு உண்டு. ஆஸ்பத்திரியில் மாற்றி மாற்றிக் கூட இருந்த சித்திக்கும், நாங்கள் கோவையில் கிடந்த நாளெல்லாம் மாட்டைப் பார்த்துக்கொண்ட பக்கத்துக் காட்டாருக்கும், அடுப்பு மூட்டாத வீட்டுக்குச் சோறு கொண்டுவந்த எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தனித்தனியாக எழுதத் தெம்பில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மலர் திதிக்கான அழைப்போடு சேர்ந்து வருகிறது. இந்த வருடமும் மழை பெய்து, காடு தழுத்து, படல் சாத்தியிருக்கிறது. அன்றைக்கும் கடவில் அப்பா நிற்பார். அவர் உங்களுக்குச் சொல்லச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன் மாமா: "மச்சான் வண்டி வந்தா நானே படலத் தொறந்து உடறேன். ஒரு வண்டித் தடத்துல போற பில்லு போகட்டும், பொறவு நானே வெதச்சுக்கறேன்."

மற்ற அனைவரும் தயவுசெய்து வண்டிகளைத் தார் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, இட்டேரி வழியாக நடந்து வாருங்கள். மோர் வைத்திருப்போம்.