அக்காவின் காலும் வாசல் மண்ணும்

“இது எந்த ஊரு மண்ணு சார்?”

போன மாதம் விழுப்புரத்தில் ஒரு டாக்டர் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவர் கையில் இருந்தது என் அக்காவின் வலது கால். காலில் முந்தின நாள் நான் கட்டிய வெள்ளை பேண்டேஜ். அதன் அடிப்பக்கம்... நல்ல செம்மண் நிறம்.

“நடக்கவே நடக்காத கால் சார் அது” என்றேன் பெருமையாக. “பாத்ரூமுக்குக்கூட வீல்சேர்தான்.”

டாக்டர் அக்காவைப் பார்த்தார். அக்கா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு அறுபத்திரண்டு வயது. கிளியனூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் சொந்த நிலம், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைப் பயிர். சர்க்கரையும் பல வருடமாகச் சொந்தம். கொல்லையில் காலில் எதுவோ குத்தியிருக்கிறது, தெரியவில்லை. தெரிந்தபோது சுண்டுவிரல் கறுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் விரலை எடுத்துவிட்டு, பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மாமாவால் மாடுகளை விட்டு நகர முடியாது. ஆகவே அக்கா திண்டிவனத்தில் என் வீட்டுக்கு வந்தாள். டாக்டர் சொன்னது இரண்டே விஷயம். தினமும் டிரெஸ்ஸிங் மாற்ற வேண்டும். புண் மூடும்வரை அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது. தவறினால் அடுத்த விரல்...

என் மனைவி பள்ளிக்கூட டீச்சர், காலையில் கிளம்பிவிடுவாள். வீட்டில் சும்மா இருப்பவன் — அதாவது எழுதுகிறவன் — நான்தான். டிரெஸ்ஸிங் என் தலையில் விழுந்தது.

எனக்கு ரத்தம் என்றால் ஆகாது. கதையில் கொலை வந்தாலே பக்கத்தைப் புரட்டிவிடுகிறவன். சொல்லிக்கொடுத்த நர்ஸம்மா முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். “சார், புண்ணப் பாத்து தொடைக்கணும் சார். நீங்க கண்ண மூடிக்கினா எப்படி?”

நான்காவது நாள் கண் திறந்தது. ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது. கையுறையை மாட்டுவது, சலைன் ஊற்றிக் கழுவுவது, காஸ் துணியை மடித்து வைப்பது, இறுக்காமல் சுற்றுவது... ஐம்பது வயதுக்கு மேல் ஒரு புதிய வேலை கைக்கு வந்துவிட்டால் மனிதன் என்ன செய்வான்? ஊருக்குச் சொல்வான். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினேன். அழகாக, பத்தி பிரித்து, போட்டோவோடு. ‘அக்கா இப்போது நம் வீட்டில் நலம்.’

வந்துவிட்டார்கள்.

வானூரிலிருந்து, வல்லத்திலிருந்து, மரக்காணத்திலிருந்து. ஆப்பிள், பிரெட், கிரீம் பிஸ்கட்டோடு. சர்க்கரை நோயாளியைப் பார்க்க கிரீம் பிஸ்கட் ஏன் வாங்குகிறோம் என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். பதில் கிடைக்கவில்லை. பிஸ்கட்டைத் தின்றது நான். முதல் அரைமணி உட்கார்ந்து பேசிவிட்டு, ‘எழுத வேண்டியிருக்கு’ என்று மாடிக்கு நழுவிவிடுவேன். இப்படி மூன்று வாரம்.

புண் மட்டும் ஆறவில்லை. எலுமிச்சம்பழ அளவு, அப்படியே இருந்தது. ஓரம் வேறு கறுக்கத் தொடங்கியது. சலைன் சரியில்லையா? என் கை சரியில்லையா? ஒருநாள் அக்கா, “அடுத்த வெரலயும் எடுத்துட்டா செருப்பு நிக்குமாடா?” என்றாள். நான் பிளாஸ்டரைத் தேடுவதுபோல் எழுந்து போய்விட்டேன்.

இனி டாக்டர் அறைக்கு வருவோம்.

“சொல்லுங்கம்மா. எங்க நடந்தீங்க?”

“எங்கயும் நடக்கல சார். வந்தவங்கள அனுப்பி வைக்க வாசலுக்குப் போனேன். அவ்ளோதான்.”

“எத்தன பேர்?”

“ஒரு... முப்பது பேரு இருக்கும்.”

“காலக் கீழ வைக்காதீங்கன்னு சொன்னேனா இல்லியா?”

“அதுக்காக?” அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது. “அவ்ளோ தூரத்துலேர்ந்து பஸ்ஸு மாறி வர்றாங்க. நான் மகாராணி மாதிரி ஒக்காந்துக்கினே தலையாட்டட்டுமா? கேட்டு வரைக்கும் போயி ‘போய்ட்டு வாங்க’ன்னு சொன்னாத்தான சார் மனுசி?”

எங்கள் கூடத்திலிருந்து கேட் வரை இருபது தப்படி. போக இருபது, வர இருபது. அதை முப்பதால் பெருக்கிப் பார்த்தேன். மாடியில் உட்கார்ந்து நான் வாழ்க்கையைக் கூர்ந்து கவனித்து எழுதிக்கொண்டிருந்தபோது, கீழே அக்கா பச்சைப் புண்ணோடு ஊருக்கே மரியாதை செய்துகொண்டிருந்திருக்கிறாள். துப்பறியும் கதைகளாகப் படித்துத் தள்ளியவன் நான். தினமும் பேண்டேஜை அவிழ்த்தவனும் நான். அந்த மண் என் கண்ணில் படவே இல்லை!

நம் ஊரில் நோயாளி என்றால் படுத்திருப்பவர் என்று நினைக்காதீர்கள். வருகிறவர்களுக்கெல்லாம் முதலிலிருந்து கதை சொல்லி, காபி குடித்தார்களா என்று கவலைப்பட்டு, கடைசியில் எழுந்து போய் வழியனுப்பி... ஆரோக்கியமானவர்களுக்கே கஷ்டமான உத்தியோகம்.

“இன்னும் ரெண்டு வாரம் இப்படியே போனா, அடுத்த வெரல் எனக்கு வேணும்” என்றார் டாக்டர். கடன் கேட்பதுபோல் சாதாரணமாகச் சொன்னார்.

அன்றே குரூப்பில் எழுதினேன். ‘புண் ஆறும்வரை யாரும் வரவேண்டாம்.’ நான் எழுதியதிலேயே உடனடிப் பலன் கிடைத்த வாக்கியம் அதுதான். இரண்டு பேர் குரூப்பை விட்டு வெளியேறினார்கள். ‘பெரிய எழுத்தாளர் வீடு, நாமெல்லாம் போகக்கூடாதோ?’ என்று ஒரு சித்தப்பா குரல் செய்தி அனுப்பினார்.

ஆனால் அந்த குரூப்பிலேயே இல்லாத ஒருவர் இருந்தார். மல்லிகா. அக்காவின் ஓரகத்தி — மாமாவின் தம்பி மனைவி. பாகம் பிரித்தபோது பொதுக் கிணற்று மோட்டாரை யார் என்றைக்குப் போடுவது என்பதில் தொடங்கி, ஐந்து வருடம் இரண்டு பேருக்கும் பேச்சே கிடையாது. வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு முதுகு, அந்தப் பக்கம் ஒரு முதுகு.

அடுத்த சனிக்கிழமை காலை, கையில் ஒரு கட்டைப் பையோடு மல்லிகா வந்து நின்றார். திருப்பி அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை.

இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். மாட்டைப் பற்றிப் பேசினார்கள். மோட்டாரைப் பற்றி மட்டும் பேசவில்லை. மூன்று மணிக்கு மல்லிகா பையை எடுத்தார்.

“சரிக்கா, நான் வர்றேன்.”

அக்காவின் இரண்டு கையும் நாற்காலிப் பிடியில் இறுகுவதைப் பார்த்தேன்.

“அக்கா, வேணாம். டாக்டர் சொன்னாரில்ல?”

“நீ சும்மா கெடடா. அஞ்சு வருசம் கழிச்சி வந்துருக்கா. ஒக்காந்துக்கினே போயிட்டு வான்னு சொன்னா, ஊர்ல போயி என்னா சொல்லுவா?”

மல்லிகா நின்றார். “என்னா சொல்லுவேன்? வாசல் வரைக்கும்கூட வரலன்னு சொல்லுவேன். பின்ன?”

வேறு வழியில்லாமல் டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். மண், கறுத்த ஓரம், அடுத்த விரல்... எல்லாவற்றையும். மல்லிகா அக்காவின் காலைக் குனிந்து பார்த்தார். பையைக் கீழே வைத்தார்.

“நான் போனாத்தான நீ ஏந்திரிப்ப? நான் போவல. ஒக்காரு.”

“ஏய், உனுக்கு வீடு வாசல் இல்ல?”

“எல்லாம் இருக்குது. அவரு சோறாக்கிப்பாரு. நீ மொதல்ல காலத் தூக்கி மேல வையி.”

மறுநாள் காலை நான் கையுறையை எடுத்தேன். “தள்ளு தம்பி. மாட்டுக்கு வந்த கொளம்புப் புண்ணெல்லாம் பாத்த கை இது” என்று பிடுங்கிக்கொண்டார். நர்ஸம்மா சொன்ன முறையை நான் பக்கத்தில் நின்று ஒப்பிக்க, என்னைவிட நன்றாகவே செய்தார். மூன்றாவது நாள் மோட்டார் சண்டை தொடங்கியது. ‘திங்கக்கெழம எங்க மொற’ என்று அவர் காஸ் துணியை வைக்க, ‘யார் சொன்னது?’ என்று இவள் காலை நீட்ட... அக்காவை நாற்காலியிலேயே வைத்திருந்ததில் அந்தச் சண்டைக்கும் பெரிய பங்கு உண்டு.

வந்து பார்த்தவர்கள் முப்பது பேர். கூட இருந்து பார்த்துக்கொண்டவர் ஒருவர். வந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நானே ஊரில் எத்தனை பேர் வீட்டுக்குப் போய், எத்தனை பேரைப் படுக்கையிலிருந்து எழுப்பி வாசல்வரை நடக்கவைத்திருக்கிறேனோ... கணக்கெடுத்தால் தூக்கம் வராது.

போன புதன்கிழமை மூன்று பேரும் விழுப்புரம் போனோம். டாக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மூடிடுச்சும்மா. மெத்துனு ஒரு செருப்பு எழுதித் தர்றேன். அதப் போட்டுக்கிட்டு வீட்டுக்குள்ள, வாசல் வரைக்கும், கொஞ்சம் கொஞ்சமா நடங்க.” அக்காவும் மல்லிகாவும் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். செருப்பை வாங்கிக்கொண்டே வீடு வந்தோம்.

நேற்று மாலை என் மனைவி மல்லிகாவிடம் மரியாதைக்காகக் கேட்டாள். “ஊர்ல உங்களத் தேடுவாங்களேக்கா... எப்ப கெளம்பணும்? இவர விட்டு பஸ் ஏத்தச் சொல்றேன்.”

அக்காதான் முந்திக்கொண்டாள்.

“அவ எப்படிக் கெளம்புவா? கெளம்புனா நான் ஏந்திரிச்சி வாசலுக்குப் போவணும். டாக்டருதான் காலக் கீழ வைக்கவே கூடாதுன்னுட்டாரே!”

“ஆமாமா” என்றார் மல்லிகா. “ரொம்ப ஸ்ட்ரிட்டான டாக்டரு.”

புதுச் செருப்பு இன்னும் அட்டைப் பெட்டியிலேயே இருக்கிறது.