பகவதியின் டேப்லெட்டுக்கு ஒரு பிடிமானம்

வண்டியில் போன், டேப்லெட் மாட்டிக் கொடுக்கிற தொழிலில், வேலை சரியாக இருந்தால் யாரும் நம்மை நினைக்க மாட்டார்கள். சாமான் கழன்று விழுந்தால் மட்டும் தேடிக்கொண்டு வருவார்கள். குழாயோ ஃபேனோ, நீங்களும் எதையாவது மாட்டிக் கொடுத்து ஏச்சு வாங்கியவராக இருந்தால் என் பாடு புரியும். நாகர்கோவிலில் கார் சாமான் கடை வைத்திருக்கிறேன். ஆட்டோ, பூ வண்டி, ஜேசிபி எல்லாம் பார்த்தாயிற்று. போன வருஷம் ஒரு விமானமும் என் தலையில் வந்து விடிந்தது.

என்ன வண்டி?

தோவாளைப் பக்கத்து விவசாயி தாணுமாலயன் அண்ணாச்சி, மகள் பகவதியைக் கூட்டிக்கொண்டு வந்தார். டேப்லெட்டுக்கு ஸ்டாண்ட் வேண்டுமாம். "என்ன வண்டி மக்கா?" என்றேன். "பிளேன்" என்றாள். என்னிடம் ஏசி துவாரத்தில் மாட்டுகிற ஸ்டாண்ட்தான் நிறைய மிச்சம். "ஏசி உண்டுமா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

அவள் வெளியூரில் விமானம் ஓட்டப் படிக்கிறாள். இரண்டு பேர் உட்காருகிற குட்டி விமானம். போகிற வழி முழுக்க டேப்லெட்டில்தான் தெரியும். கடைசியாக அவள் மாட்டியிருந்த ஸ்டாண்ட், தரையிறங்கும்போது டேப்லெட்டோடு பிடி விட்டு மடியில் விழுந்திருக்கிறது. இன்னொரு தடவை விழுந்தால் தனியாக அனுப்ப மாட்டேன் என்று சொல்லிக்கொடுக்கிறவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். லீவு முடிந்து போனதும் தனியாகத் தூரப் பயணம் போயாக வேண்டும். அண்ணாச்சி என் காதருகே குனிந்தார்.

"இவ தனியா பறக்கது எனக்குக் கொஞ்சமும் இஷ்டமில்ல. ஆனா ஒரு ஸ்டாண்ட் விழுந்ததுக்காவ நிறுத்திட்டானுவன்னா மானக்கேடு, பாத்துக்கிடுங்க."

காந்தம்

கடையிலேயே கெத்தான சாமானை எடுத்து வைத்தேன். காந்த ஸ்டாண்ட். டேப்லெட்டை ஒட்டவைத்துத் தலைகீழாகப் பிடித்து உதறிக் காட்டினேன். அண்ணாச்சி கைதட்டாத குறை. பகவதி மட்டும் சிரிக்கவில்லை. விமானத்தில் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு திசைகாட்டி இருக்குமாம்; காந்தம் கிட்டே வந்தால் அதன் முள் திரும்பிவிடுமாம். நான் ஸ்டாண்டை மெதுவாக டப்பாவுக்குள் போட்டேன். என்னையும் அண்ணாச்சி என்றே கூப்பிடுகிற பகவதி சொன்னாள்:

"இத மாட்டினா மதுரைக்குப் பொறப்பட்டு மாலத்தீவுல எறங்குவேன் அண்ணாச்சி."

குக்கர் மூடி

விமானத்தை நாகர்கோவிலுக்குக் கொண்டுவர முடியாதே. கடைக்குள்ளேயே ஒன்று செய்தோம். பிளாஸ்டிக் நாற்காலியில் பகவதி, அவள் சொன்ன தூரத்தில் ஒரு பலகை, பக்கத்து ஜன்னலுக்கு ஒரு பழைய கார் கண்ணாடி, கையில் பிடித்து ஓட்டுகிற வளையத்துக்கு என் வீட்டுக் குக்கர் மூடி. நடுவில் மாட்டினேன், மூடியைத் திருப்பினால் டேப்லெட்டில் இடித்தது. மேலே ஏற்றினேன், வெளியே ஒன்றும் தெரியவில்லை என்றாள். கடைசியில் பக்கத்துக் கண்ணாடியின் கீழ்மூலையில், அழுத்தினால் கவ்விக்கொள்கிற ரப்பர் கிண்ணத்தை ஒட்டி, அதிலிருந்து நீளும் சின்னக் கையில் டேப்லெட்டை மாட்டினோம். கழன்றாலும் மடிக்கு வராமல் தொங்க ஒரு நைலான் கயிறும் கட்டினேன். தலையைக் குனியாமல் கண்ணை மட்டும் திருப்பினால் போதும்.

எனக்கே பெருமையாக இருந்தது. அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரி கடைக்குள் வந்தாள். எங்கள் மூவரையும் பார்த்தாள், பகவதி கையைப் பார்த்தாள்.

"பிளேனு போனாப் போவட்டும், அந்த மூடிய இங்க தாங்க. பருப்பு வேவல்ல."

ஆரல்வாய்மொழிக் காற்று

ஆகாயத்துக் குலுக்கலைத் தரையில் எங்கே தேட? ஆடி மாதம், காற்றுக்குப் பேர்போன ஆரல்வாய்மொழி பக்கத்திலேயே இருக்கிறதே! என் ஜீப்பின் பக்கக் கண்ணாடியில் ஸ்டாண்டை ஒட்டினேன். பகவதி பக்கத்தில், அண்ணாச்சி பின்னால். காற்றாலைகளுக்கு நடுவே குண்டும் குழியுமான மண் பாதையில் ஜீப்பை வேண்டுமென்றே விரட்டினேன். காற்று வேறு வண்டியைப் பிடித்துத் தள்ளியது. நம் ஊரில் எந்த வண்டியானாலும் நன்றாகத் தெரிகிற இடம் சாமிக்குத்தான். என் பிள்ளையாரும் பல வருஷமாக முன்னால் அசையாமல் இருந்தவர். ஒரு பள்ளத்தில் விட்டேன், தொப்பென்று என் மடிக்கு வந்துவிட்டார். நான் ஜீப்பை நிறுத்தி அவரை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அண்ணாச்சிக்கோ அன்றுதான் முகம் தெளிந்தது.

"ஏட்டி, பிள்ளையாரே எறங்கிட்டாரு, ஒனக்க டேப்லெட் அப்படியே நிக்குடீ!"

தனியாகப் போன நாள்

அவள் பறந்த அன்று அண்ணாச்சி காலையிலேயே கடைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். நான் கொடுத்த டீ ஆறிப் போனது. வாடிக்கையாளர் ஒருவரின் ஹாரனை மாற்றுகிறேன் என்று இருந்த ஹாரனையும் கெடுத்துவைத்தேன். மத்தியானம் பகவதியிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். இறங்கிவிட்டேன் என்று அவள் சொன்னதும் அண்ணாச்சி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. ஸ்டாண்ட் எப்படி என்று கேட்டேன்.

"ஸ்டாண்ட் இம்மி அசையல்ல அண்ணாச்சி. பாதி வழியில வெயில் அடிச்சு டேப்லெட்டு சூடாயி அணைஞ்சு போச்சு. பொறவு பேப்பர் மேப்ப மடியில விரிச்சு வச்சுதான் வந்து சேந்தேன்."

இத்தனை வருஷத் தொழிலில் நான் உருப்படியாகச் செய்த வேலை, அணைந்துபோன ஒரு டேப்லெட்டை ஆகாயத்தில் பாதி வழி ஆடாமல் பிடித்து வைத்ததுதான்.