நானே விட்டுக்கொடுத்ததாகச் சொல்லப்பட்ட கடை

1995 ஜூன் 27, செவ்வாய்க்கிழமை, மாலை நான்கு இருபது. வெளியே நாற்பத்து மூன்று டிகிரி. கடல் ஈரத்தில் கடைக் கண்ணாடி வெளிப்பக்கம் வியர்த்து, உள்ளே தொங்கிய துணிகளின் நிறம் தெருவிலிருந்து தெரியவில்லை. பர் துபாயில் இருந்த என் துணிக்கடையின் ஷட்டரை மதிய இடைவேளை முடிந்து அப்போதுதான் ஏற்றியிருந்தோம். விற்பனைக்கு இருந்த ராமநாதபுரத்துக்காரர் ரேடியோவைத் திருகினார். கத்தாரில் மன்னர் வெளிநாடு போயிருந்த நேரத்தில், பட்டத்து இளவரசரான மகன் ஆட்சியை எடுத்துக்கொண்டார் என்றது செய்தி. ரத்தம் சிந்தவில்லை.

“அப்ப அந்தப் பெரியவரு திரும்பி வந்தா எங்க எறங்குவாரு மொதலாளி?” என்றார் விற்பனைக்காரர்.

“ஏர்போர்ட்டே மகன் கையில. எங்க எறங்குறது?” என்றேன்.

“பாஸ்போர்ட் இருக்கு, நாடு மாஃபி. பாவம், நம்ம ஆளுங்க கதையாப் போச்சு.”

என் மகன் மீட்டர் கோலால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தான். “அந்தப் பெரியவரும் அப்படித்தான் வாப்பா ஆட்சிக்கு வந்தாரு. சொந்தக்காரர் ஆண்டுக்கிட்டு இருந்தாரு, வேட்டைக்கு வெளிநாடு போனாரு. அந்த நேரம் பாத்து.”

“அதுக்காக?”

“ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்.”

“மொதலாளி, நீங்க மட்டும் இந்த வருஷம் லீவுல போயிராதீங்க” என்றார் விற்பனைக்காரர். மூன்று பேரும் சிரித்தோம். அதிகம் சிரித்தது நான்.

இரவுச் செய்தியில் குடும்பத்துப் பெரியவர்களும் அதிகாரிகளும் வரிசையாக வந்து புதிய மன்னரின் கையைப் பற்றுவதைக் காட்டினார்கள். அதற்கு அரபியில் பைஅத் என்று பெயர். உமக்குக் கட்டுப்படுகிறேன் என்று கை கொடுப்பது. அதைப் பற்றி ஐந்து வருடங்களுக்கு முன்பே எனக்குச் சொல்லியிருந்தவர் என் கஃபீல். கடையின் லைசென்ஸ் துபாய்க்காரரான அவர் பெயரில்தான் இருந்தது. என் விசாவும் என் மகன் விசாவும் அவர் கையெழுத்தில் நின்றன. துபாயை ஆண்ட பெரியவர் மறைந்து மகன் பொறுப்பேற்ற அந்த வாரம், அவருடைய மஜ்லிஸில், அதாவது விருந்தினரை உட்காரவைக்கும் கூடத்தில், காவா என்ற அரபிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

“மூத்த மகனுக்குத்தானே போகும்?”

“உங்க பள்ளிக்கூடப் புத்தகத்துல அப்படி இருக்கும் பாய்” என்றார். அவர் பேசுவது பாதி உருது, பாதி அரபி. “இங்க மூத்தவன்கிறது ஒரு காரணம்தான். தம்பிக்கும் போகலாம், சித்தப்பா மகனுக்கும் போகலாம். குடும்பம் ஒத்துக்கணும். பெரியவங்க கை கொடுக்கணும். கொடுத்த கையை அப்புறம் திருப்பிக் கேக்கக் கூடாது.”

“உயிரோட இருக்கும்போதே தானா எறங்கினவங்க உண்டா?”

அவர் சிரித்தார். “தானா எறங்கினாருன்னு சொல்லுவாங்க. யாரு சொல்றாங்கன்னு பாரு.”

அவருக்கும் எனக்கும் இடையில் காகிதம் கிடையாது. பத்தொன்பது வருடங்களுக்கு முன் அதே மஜ்லிஸில் கை கொடுத்தேன். வருடத்துக்கு ஒரு தொகை அவருக்கு, கடை எனக்கு. இரண்டு பக்கமும் ஒரு முறைகூட வாக்குத் தவறியதில்லை. நான் எல்லாவற்றையும் எண்ணுகிறவன். கடையில் எத்தனை பீஸ், ஒவ்வொன்றிலும் எத்தனை மீட்டர் மிச்சம் என்று பார்க்காமலே சொல்வேன். அதை மகன் கேலி செய்வான். “வாப்பா தூக்கத்துலயும் மீட்டர் போடுவாங்க” என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்வான்.

இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. ஆகஸ்ட் 14, திங்கட்கிழமை ஊருக்கு விமானம் ஏறினேன். கடைச் சாவியையும் ரப்பர் முத்திரையையும் மகனிடம் கொடுத்தேன். விமான நிலையத்தில் என் பெட்டியைத் தூக்கியவன் அவன்தான். எடை ஒன்றரை கிலோ கூடியதற்கு அங்கேயே பணமும் கட்டினான். அப்படிப்பட்ட பிள்ளை.

செப்டம்பரில் ஒரு கண், டிசம்பரில் மறு கண். ஜனவரி முதல் வாரம் தெளிவாகத் தெரிந்தது. மகன் வெள்ளிக்கிழமை தோறும் போன் செய்வான். டிக்கெட் போடு என்றேன்.

“என்ன அவசரம் வாப்பா? நோன்பு வரப்போகுது. இத்தனை வருஷத்துல ஒரு நோன்பாவது ஊர்ல முழுசாப் புடிச்சிருக்கீங்களா? உம்மா ஆசைப்படுறாங்க. பெருநா முடிச்சிட்டு வாங்க.”

“பிப்ரவரி பதினாலோட ஆறு மாசம் முடியுதே.”

துபாயில் வேலை செய்கிற யாருக்கும் தெரிந்த விதி அது. தொடர்ந்து ஆறு மாதம் வெளியே இருந்தால் விசா தானாகச் செத்துவிடும். யாரும் ரத்து செய்ய வேண்டியதில்லை.

“அதை நான் பாக்க மாட்டேனா? கஃபீல்கிட்ட சொல்லியாச்சு. இமிக்ரேஷன்ல எழுதிக் கொடுத்திருக்காரு. நீங்க நிம்மதியா இருங்க.”

நான் நிம்மதியாக இருந்தேன். முப்பது நோன்பும் பிடித்தேன்.

பெருநாள் முடிந்த வாரம் திருவனந்தபுரம் விமான நிலையத்தில், கவுன்டரில் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டை இரண்டு முறை புரட்டினாள். “விசா இல்லையே சார்” என்றாள். எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்றேன். எதுவும் வரவில்லை என்றாள். அங்கிருந்தே கடைக்குப் போன் செய்தேன். எடுத்தவர் விற்பனைக்காரர்.

“சின்ன மொதலாளி வெளிய போயிருக்காரு” என்றார். பத்தொன்பது வருடத்தில் அந்தக் கடையில் சின்ன முதலாளி என்று ஒருவர் இருந்ததில்லை.

ஏப்ரலில் விசிட் விசாவில் போனேன். என் கடை எனக்கு எடுத்துக் கொடுத்த விசிட் விசா. விண்ணப்பத்தில் கடைக்காக மகன் கையெழுத்துப் போட்டிருந்தான். கடைக்குள் நுழைந்ததும் வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலை விற்பனைக்காரர் எனக்கு இழுத்துப் போட்டார். கல்லாவுக்குப் பின்னால் இருந்த மகன் எழுந்து வந்து கட்டிப்பிடித்தான். “வாப்பாவுக்கு டீ சொல்லுங்க” என்றான்.

“ஏன் பொய் சொன்ன?”

“உங்களுக்கு வயசாச்சு வாப்பா. நேராச் சொன்னா நீங்க விட்டிருப்பீங்களா?”

டாக்ஸி பிடித்துக் கஃபீல் வீட்டுக்குப் போனேன். பின்னாலேயே அவனும் வந்தான். மஜ்லிஸில் கஃபீலைத் தவிர யாரும் இல்லை. அவர் என் கண்களைத்தான் முதலில் விசாரித்தார். பிறகு நான் கேட்காமலே சொன்னார்:

“உன் மகன் நோன்புக்கு முன்னாடி இங்க வந்தான். எங்க வாப்பா களைச்சுட்டாரு, கடையை எனக்கு விட்டுட்டாரு, உங்ககிட்ட சொல்லச் சொன்னாருன்னான். நான் கை கொடுத்தேன். நல்ல பிள்ளை வளர்த்திருக்க பாய்.”

என் காவாக் கோப்பையில் இன்னும் பாதி இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு வாசலோரம் உட்கார்ந்திருந்த மகன் முகத்தைப் பார்த்தார். அவன் கம்பளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பாய், நீயேதான விட்ட?” என்றார். குரல் மாறியிருந்தது. “இல்லைன்னா சொல்லு. என் வீட்ல உக்காந்து எங்கிட்டப் பொய் சொன்னவன் நாளைக்கு இந்த நாட்ல இருக்க மாட்டான். விசா கலாஸ்.”

அவர் சொன்னால் செய்வார். பத்தொன்பது வருடங்களாக நான் அவரை மதித்தது அதற்காகத்தான். ‘இல்லை’ என்ற ஒரு சொல்லில் கடை எனக்குத் திரும்பிவிடும். மகனும் மருமகளும் இரண்டு பேரப்பிள்ளைகளும் அந்த வாரமே பெட்டி கட்ட வேண்டும். பெரியவளுக்குப் பள்ளியில் புது வகுப்பு தொடங்கி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. மகன் தலையைத் தூக்கவே இல்லை. நான் என்ன சொல்வேன் என்று அவன் கணக்குப் போட்டுத்தான் வந்திருக்கிறான் என்று அப்போது எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

“ஆமா” என்றேன். “நானேதான் விட்டேன்.”

கஃபீல் என் கையைப் பிடித்தார், உடனே விடவில்லை.

திரும்பும் வழியில் மகன் வண்டியை மெதுவாக ஓட்டினான். “தேங்க்ஸ் வாப்பா” என்றான். வெளிநாட்டுக்காரனிடம் சொல்வதைப் போல.

நான்காம் நாள் ஊருக்குக் கிளம்பும்போது, கணக்கு சரியாக இருக்க வேண்டுமே என்று கடையில் என் பெயரில் ஏதாவது பாக்கி உண்டா என்று கேட்டேன். விசிட் விசாவும் போகவர டிக்கெட்டும் கணக்கு நோட்டில் என் பெயரில்தான் பற்றாக எழுதப்பட்டிருந்தன. “அது கெடக்கட்டும் வாப்பா” என்றான். கிடக்கட்டும் என்றானே தவிர நோட்டில் அந்த வரிகளை அடிக்கவில்லை. பையிலிருந்து எடுத்து, இரண்டு முறை எண்ணிக் கல்லா மேல் வைத்தேன்: ஆயிரத்து நானூற்று எழுபது திர்ஹம்.