அம்மா மேல் ஊசி வாசம்

நாலைந்து வருடங்களுக்கு முன்னால், மும்பையில் மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் ஆரம்பித்தது இது. நாங்கள் இருப்பது தாராவியில். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கணவர் ‘காலி-பீலி’ ஓட்டுகிறார், அதாவது கறுப்பு உடம்பும் மஞ்சள் கூரையுமாக ஓடும் மும்பை டாக்சி. நான் வீட்டிலேயே முறுக்கு சுற்றிக் கடைகளுக்குக் கொடுப்பேன். எங்களுக்கு ஒரே மகள். அப்போது அவளுக்கு ஏழு வயது.

ஒருநாள் காலை பாயை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்றாள். பள்ளிக்கூடம் போகச் சோம்பல்படுகிறாள் என்று அதட்டினேன். போர்வையை விலக்கிப் பார்த்தால் இரண்டு முழங்காலும் வீங்கிப் பளபளவென்று இருந்தன. தைலம் தேய்த்தோம், ஒத்தடம் கொடுத்தோம், பக்கத்துச் சந்து டாக்டரிடம் போனோம். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில்தான் சொன்னார்கள், குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதம் என்று. “வயசானவுகளுக்கு வாற நோயில்லா இது?” என்று கேட்காத ஆள் எங்கள் சந்தில் இல்லை.

வாரம் ஒரு ஊசி போட வேண்டும். அந்த மருந்து நல்ல மஞ்சள் நிறம். போட்டால் மறுநாள் முழுக்கக் குமட்டும். ஆனால் போடுவதற்குள் ஒரு யுத்தமே நடக்கும். நர்ஸ் காலைப் பிடிப்பார், ஆயா இடுப்பைப் பிடிப்பார். அவள் தலையை என் நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொள்வது என் வேலை. “பாக்காத, பாக்காத, அம்மா இருக்கேம்லா” என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். வெளியே வரிசையில் நிற்கிறவர்களுக்கெல்லாம் அவள் அலறல் கேட்கும்.

சில மாதங்கள் போனதும் வேறொன்று ஆரம்பித்தது. ஒருநாள் எலுமிச்சைச் சோறு வைத்தேன். தட்டைப் பார்த்ததுமே வாந்தி எடுத்தாள். பிறகு பருப்புக் குழம்பு. பிறகு அவள் அப்பாவின் டாக்சி! முன் சீட்டில் உட்கார்ந்து மாட்டுங்கா வரை ஒரு சுற்று போய்வருவது என்றால் அவளுக்கு உயிர். அந்தப் பிள்ளை சந்து முனையில் மஞ்சள் கூரையைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அன்று அவர் சாப்பிடவே இல்லை. அதற்கப்புறம் வண்டியை எங்கேயோ தள்ளி நிறுத்திவிட்டு நடந்துதான் வருவார்.

என்னிடமும் அவள் வருவது நின்றது. நோய் வருவதற்கு முன்னால், நான் முறுக்கு சுற்ற உட்கார்ந்தால் போதும், மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு மாவை உருட்டி எறும்பும் பாம்பும் செய்வாள். எழுந்திரு என்றாலும் கேட்க மாட்டாள். இப்போது வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் கையை நீட்டினால் தோள் விறைக்கும். தூங்குவதும் அப்பா பக்கம். எங்கள் வீடு ஒரே அறை. கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிற பிள்ளைக்காக ஏங்குவது எப்படி இருக்கும் என்று அந்த மாதங்களில்தான் தெரிந்துகொண்டேன்.

செம்பூரிலிருந்து வந்த என் நாத்தனார் பார்த்துவிட்டு, “நடிக்கா. நீ எடங்குடுக்கே, அவ ஆடுதா” என்றார். பாதி மனசு அதை நம்பவும் செய்தது. ஏனென்றால் மருந்து வேலை செய்து வீக்கம் நன்றாகக் குறைந்திருந்தது. ரத்தப் பரிசோதனையும் தேவலை என்றார்கள். ஆனாலும் காலையில் எழுந்ததும், “யம்மா, வலிக்கி” என்று அழுவது மட்டும் குறையவே இல்லை.

அதை, அவளுக்கு வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் சொன்னபோது, குழந்தைகளின் மனதைப் பார்க்கிற ஒரு மேடம் மேல்மாடியில் இருக்கிறார், போய்ப் பாருங்கள் என்றார். எனக்குச் சுருக்கென்றது. என் அரைகுறை இந்தியில், என் பிள்ளைக்குப் பைத்தியம் ஒன்றும் இல்லை என்றேன். டாக்டரம்மா கோபப்படவில்லை. வலி நிஜமாகவே இருக்கிறது, பயம் அதைப் பெரிதாக்குகிறது, இரண்டுக்கும் வைத்தியம் பார்க்க வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார்.

அந்த மேடம் ஒரு மராத்திப் பெண். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வெள்ளைக் கோட்டு போடவில்லை. என்னிடம் பேசுவதற்கு முன்னால் என் மகளிடம்தான் பேசினார். “நான் எங்கே உட்காரட்டும்? பக்கத்திலா, தள்ளியா?” என்று இந்தியில் கேட்டார். மகள் மூலையைக் காட்டினாள். மேடம் பேசாமல் அந்த மூலையில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டார். அத்தனை மாதத்தில் அந்த ஆஸ்பத்திரியில் அவளிடம் யாரும் எதையும் கேட்டது கிடையாது. நானும் கேட்டதில்லை.

முதல் சில வாரங்கள் படம் வரைவதும் விளையாடுவதுமாகப் போயின. இதற்கா ரயிலேறி வருகிறோம் என்றுகூட நினைத்தேன். பிறகு ஒருநாள், களிமண்ணை உருட்டிக்கொண்டே மேடம் கேட்டார், ஊசி போடும்போது எது ரொம்பக் கஷ்டம் என்று. குத்துவது என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். “எல்லாரும் பிடிக்கிறது” என்று இந்தியில் சொன்னாள். கொஞ்சம் பொறுத்து, என் பக்கம் திரும்பாமலே இன்னொன்றும் சொன்னாள்.

“மம்மி ஸே சூயி கீ பாஸ் ஆதி ஹை.”

அம்மா மேல் ஊசி வாசம் வருகிறது.

தமிழில் என்னிடம் ஒரு நாளும் சொல்லாததை, யாரோ ஒருவரிடம் இந்தியில் சொல்லிவிட்டாள். எனக்குப் புரியாது என்று நினைத்தாளோ, புரியட்டும் என்றே சொன்னாளோ, தெரியாது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

மேடம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். “நீங்க ஒண்ணும் தப்புப் பண்ணல. உங்க நெஞ்சுல முகத்த வெச்சிருக்கும்போதுதான் ஒவ்வொரு தடவையும் வலி வந்திருக்கு. அவ உடம்பு அப்படிக் கத்துக்கிடுச்சு, மஞ்சள் நிறத்தைக் கத்துக்கிட்ட மாதிரி. நடிப்பு இல்ல இது. வேற மாதிரி கத்துக்கவும் அந்த உடம்பால முடியும்” என்ற அர்த்தத்தில் பேசினார்.

அதற்குப் பிறகு டாக்டரம்மா, நர்ஸ் எல்லோரையும் வைத்துக்கொண்டு ஒரு ஏற்பாடு செய்தார்கள். தொடையில் முன்கூட்டியே மரத்துப்போகச் செய்யும் களிம்பு தடவுவது. சிரிஞ்சின் மேல் நீலக் காகிதம் சுற்றுவது. எந்தக் கால் என்பதை அவளே சொல்வாள். உட்கார்ந்தபடி சோப்பு நுரைக் குமிழி ஊதிக்கொண்டிருப்பாள். யாரும் பிடிக்கக் கூடாது. அவளாக ‘சலோ’, அதாவது சரி போடலாம், என்று சொன்னால்தான் ஊசி.

“அவ சொல்லவே இல்லன்னா?” என்று கேட்டேன்.

“அப்போ அன்னிக்கு ஊசி கிடையாது” என்றார் மேடம். ஓரிரு நாள் தள்ளிப்போவதால் ஆபத்தில்லை என்று டாக்டரம்மாவும் சொன்னார்.

அந்த நாள் வந்தது. மகள் நாற்காலியில் உட்கார்ந்து குமிழி ஊதினாள். நர்ஸ் தயாராக நின்றார். அவள் வாயைத் திறப்பாள், மூடிக்கொள்வாள். வெளியே வரிசை நீண்டுகொண்டே போனது. நர்ஸ் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். எழுந்து போய்ப் பிடித்துவிடலாம், ஒரு நொடி வேலை என்று என் கை துடித்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். வெகுநேரம் கழித்து மேடம், “இன்னிக்குப் போதும், வீட்டுக்குப் போகலாம்” என்றார்.

மகள் நம்பவில்லை. ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். “ஸச்சி?” என்றாள். நிஜமாகவா என்று.

ஊசி போடாமல் திரும்பி வந்தோம். மறுபடி கால் வீங்கினால் என்ன செய்வது? நாத்தனார் போனில் பிடித்துக்கொண்டார். “சின்னப் பிள்ள மாட்டேன்னா ஊசி போடாம வந்துருவியா? ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?” போனை வைத்துவிட்டுச் சோறு பரிமாறினேன். கணவர்தான் சாப்பிட்டுக்கொண்டே மெல்லச் சொன்னார்: “ஏளா, வரும்போது அவ மொகத்தப் பாத்தியா? அப்பிடிப் பாத்து எவ்வளவு நாளாச்சு!”

அடுத்துப் போனபோது இடது கால் என்றாள். குமிழி ஊதினாள். அன்றும் வாயைத் திறந்து திறந்து மூடினாள். அன்றும் நான் என் கை மேலேயே உட்கார்ந்திருந்தேன். நடக்காது என்று நான் முடிவுகட்டிய நேரத்தில், நுரைக் குச்சியைக் கீழே வைத்தாள். மூச்சை இழுத்து விட்டாள். “சலோ” என்றாள், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில்.

ஊசி இறங்கியதும் அழத்தான் செய்தாள். ஆனால் யாரும் பிடிக்காமல், உட்கார்ந்த இடத்தில் இருந்தபடியே அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்: “யம்மா, வலிச்சிச்சு. ஆனா நாந்தான சொன்னேன்!”

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மஞ்சளைக் கண்டால் குமட்டுவது போகப் பல மாதங்கள் ஆயின. டாக்சியை முதலில் தூரத்தில் நின்று பார்த்தாள், பிறகு கதவைத் தொட்டாள், பிறகு ஒருநாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு முன் சீட்டில் ஏறினாள். அன்று அவள் அப்பா வண்டியை மாட்டுவண்டி மாதிரி ஓட்டினார். வலி இன்னும் முழுதாகப் போகவில்லை. மழை நாட்களில் முழங்கால் மடங்காது. அப்போது மேடம் சொல்லித் தந்தபடி மூச்சுவிட்டு, மெதுவாக எழுந்து, பள்ளிக்கூடம் போகிறாள். ஊசி இன்றும் உண்டு. இப்போதெல்லாம் அலறல் இல்லை.

என் மடிக்குத் திரும்பி வருவாள் என்று நானும் காத்திருந்தேன். பயம் போய் முடிந்த சமயத்தில், மடியில் படுக்கும் வயதும் போயிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள், எப்போதாவது தோள் என் தோளில் படும். அந்த ஏழு வயதுப் பிள்ளை எனக்கு இனி கிடைக்க மாட்டாள் என்று தெரியும். தெரிந்தும் தேடுகிறேன்.

அவளுக்குத் தலை வாரிவிட ஆசை வந்தால்கூட, “ஏட்டி, தொடட்டுமா?” என்று கேட்டுவிட்டுத்தான் சீப்பை எடுக்கிறேன். சில நாள், “வேண்டாம்மா, இன்னிக்குக் கழுத்து வலிக்கி” என்பாள். சில நாள் ஒன்றும் சொல்லாமல் எனக்கு முன்னால் வந்து முதுகைக் காட்டி உட்காருவாள். பிள்ளையைக் காப்பாற்றுவது என்றால் இறுக்கிப் பிடித்துக்கொள்வது என்றே அதுவரை நினைத்திருந்தேன். அவளாக வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க அவள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தாள், இத்தனை வருடம் ஆகியும் அந்தக் காத்திருப்பு எனக்கு இன்னும் பழகவில்லை.