சீமாட்டிக்குத் தைத்த காலுறை

என் மருமகன் குதிரை லாயத்துக்குப் போனது கிழிந்த சேணம் ஒன்றைத் தைத்துக் கொடுக்கத்தான். போனவர் தன் தையல் கடைக்குத் திரும்பவில்லை. தையல் மெஷினையும் அங்கேயே கொண்டுபோய் வைத்துவிட்டார். பாலைவனத்தைப் பார்க்க வருகிறவர்களைக் குதிரையில் ஏற்றி மணல் பாதையில் கூட்டிப்போகும் இடம் அது. கொஞ்ச நாளில் குதிரைகளின் காலுக்கெல்லாம் அவரே பொறுப்பு என்றாகிவிட்டது.

பாதை நெடுக முள். நெருஞ்சி குளம்பின் ஓரத்தில் குத்தும். கருவேலமுள் ஒடிந்தால் தோலுக்குள்ளேயே தங்கிவிடும். இவற்றைவிடப் பொல்லாதது சப்பாத்திக்கள்ளி. அதன் பெரிய முள் கண்ணுக்குத் தெரியும், பிடுங்கிவிடலாம். அதன் அடியில் கொத்துக் கொத்தாக மயிர்போல இருக்கிற சின்ன முள்தான் ஆளைக் கொல்லும். சவாரி முடிந்து வரும் ஒவ்வொரு குதிரையின் காலையும் மருமகன் குந்தி உட்கார்ந்து தடவிப் பார்ப்பார். துணிக்குள் குண்டூசி தேடிப் பழகிய விரல்கள் அவருக்கு.

"தையல்காரரு அளவு எடுக்கறாரு. குதிரைக்குப் பேன்ட் தைக்கப் போறாரு போல" என்று லாயத்தில் கேலி பண்ணுவார்கள்.

கடைசியில் தைத்தே விட்டார். வெளியே தடித்த கித்தான், உள்ளே மெத்தென்று கம்பளித் துணி, இறுக்கிக் கட்ட வார். முழங்காலுக்குக் கீழே குளம்பு வரைக்கும் மூடும். முதல் ஜோடி சீமாட்டிக்கு. சேற்றைக் கண்டால் காலை வைக்காமல் சுற்றிப் போகிற பெண் குதிரை, அதனால் அந்தப் பெயர். லாயத்து முதலாளியம்மாவுக்குப் பிடித்துப்போய், எல்லாக் குதிரைக்கும் தைக்கச் சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் என் பேத்தியும் பிறந்தாள். அவளைப் பற்றி எழுத ஆரம்பித்தால் குதிரையை மறந்துவிடுவேன், ஆகையால் அடக்கிக்கொள்கிறேன்.

சீமாட்டியின் முன்னங்கால் வீங்கியது. கால்நடை டாக்டர் வந்து, கள்ளியின் மயிர்முள் என்று கண்டுபிடித்தார். கண்ணுக்குத் தெரிந்ததை இடுக்கியால் எடுத்தார். மீதியை அகலமான டேப்பை ஒற்றி ஒற்றி எடுத்தார். அதற்குப் பிறகுதான் உப்புத்தண்ணீரில் கழுவி மருந்து போட்டார்.

"எக்காரணம் கொண்டும் தேய்ச்சுடாதீங்க. ஒடிஞ்சு உள்ள போயிடும். வீக்கம் மூட்டுக்கு ஏறிடுச்சுன்னா இது இனிமே சவாரிக்கு ஆகாது. நிக்கறதே பெரும்பாடு."

மருமகன் பயந்துபோனார். ஈ மொய்க்கக் கூடாதென்று, லாயத்தில் நிற்கும்போதுகூடக் காலுறையைக் கட்டிவிட்டார். வீக்கம் கூடியது. மறுபடி வந்த டாக்டர் நெற்றியைச் சுருக்கினார்.

"நான் எடுத்த இடத்துலயே திரும்ப முள் இருக்குதே. வெளிய கூட்டிட்டுப் போனீங்களா?"

"சத்தியமா இல்லீங்க. லாயத்த விட்டு நகரல."

அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. பேத்தி வேறு விடாமல் அழுதுகொண்டிருந்தாள். நான் தோளில் போட்டு நடந்தேன், பாட்டுப் பாடினேன். என் பாட்டுக்கு அழுகை கூடியதுதான் மிச்சம்.

"எறும்பு கிறும்பு கடிச்சிருக்குமோ? சட்டையெல்லாம் பாத்துட்டேன், பூ மாதிரி இருக்கு" என்றேன் மகளிடம்.

மகள் குழந்தையை வாங்கிச் சட்டையைக் கழற்றி உள்பக்கமாகத் திருப்பினாள். கழுத்துப் பட்டையில் கம்பெனிச் சீட்டைத் தைத்த நைலான் நூல் ஒன்று விறைத்துக்கொண்டு நின்றது.

"ஏம்ப்பா, வெளிப்பக்கத்தத் தடவிட்டுப் பூ மாதிரி இருக்குங்கறீங்க. நீங்களா போட்டிருக்கீங்க? இவ போட்டிருக்கறது உள்பக்கத்தத்தான?"

மருமகன் அந்தச் சட்டையையே பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"எங்க மாப்ள, சாப்டாம?"

"லாயத்துக்கு, மாமா. வாங்க."

நானும் போனேன். சீமாட்டியின் காலுறையைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, தன் முன்கையின் உட்புறத்தில் மெதுவாக ஒற்றினார். கையை எடுத்தபோது தோலில் சிவப்பாகப் புள்ளி புள்ளியாக எழும்பியிருந்தது. கித்தானில் ஒட்டியதை அவர் தினமும் பிரஷ் போட்டுத் துடைத்துத்தான் வந்தார். அடி ஓரத்தின் வழியாக உள்ளே ஏறியதைக் கம்பளி பிடித்து வைத்துக்கொண்டு, அசைய அசையக் காலில் இறக்கியிருக்கிறது. தோலுக்கு மெத்தென்று இருக்கவேண்டும் என்று நினைப்பது தையல்காரர் புத்தி. வேறு யாராவது தைத்திருந்தால் வழவழப்பாக ரப்பரையோ பதனிட்ட தோலையோ வைத்துப் போயிருப்பார்கள்.

"அவ குத்துதுன்னு காலை உதறினா, மாமா. நான் அவிழ்ந்துடுமேன்னு இன்னும் இறுக்கிக் கட்டினேன்" என்றார்.

ஆறுதல் சொன்னால் அந்த ஆளுக்குக் கோபம் வரும் என்று எனக்குத் தெரியும்.

நேராக முதலாளியம்மாவின் வீட்டுக்குப் போனார்.

"அம்மா, தச்சு வெச்ச மத்த ஜோடிய எதுக்கும் போட்டுடாதீங்க. முள்ளு நான் தச்சதுக்குள்ளதான் இருக்கு."

"எல்லாரும் கள்ளியத் திட்டிட்டிருந்தோம். அதுபாட்டுக்கு ஓரமா நின்னுட்டிருந்துச்சு" என்றார் அந்த அம்மா. பிறகு, "குதிரை பொழைக்குமா, அதச் சொல்லு" என்று கேட்டார்.

மருமகன் டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டர் காலையில் வந்து, மிச்ச முள்ளை எடுத்து, புறங்கையை மூட்டில் வைத்துப் பார்த்தார். சூடு இல்லை, வீக்கம் மூட்டுக்கு ஏறவில்லை. அதற்கப்புறமும் தினமும் மருமகன் அதே மாதிரி புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வீக்கம் மெல்ல வடிந்தது. ஒருநாள் சீமாட்டி அந்தக் காலை ஊன்றி, மற்ற காலைத் தூக்கி ஈ ஓட்டினாள். மருமகன் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பி முகத்தைக் கழுவிக்கொண்டார்.

கம்பளியைப் பிரித்தெடுத்து வழவழப்பான தோல் வைத்து எல்லாவற்றையும் மறுபடி தைத்தார். மற்றக் குதிரைகள் போட்டுக்கொண்டன. சீமாட்டி மட்டும் அதைக் கண்டாலே காதை மடக்கிப் பின்வாங்குகிறாள். தன் கையில் கட்டிக் காட்டினார், அவள் மசியவில்லை.

"கட்டிப் போட்டு மாட்டிவிடேன்யா" என்றார் முதலாளியம்மா.

"வேணாங்க. அவ சொன்னத ஒரு தடவ கேக்காம விட்டுட்டேன்."

இப்போது சவாரி கிளம்புவதற்கு முன்னால் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் தனியாகப் பாதையில் போகிறார். குறுகலான இடங்களில் வழியில் நீட்டிக்கொண்டிருக்கும் கள்ளியை வெட்டித் தள்ளுகிறார், உதிர்ந்த மடலைப் பொறுக்கிக் குழியில் போட்டு மூடுகிறார். நாளைக்குள் அது திரும்ப வளரும் என்று கேலி பேசுகிறார்கள். "வளரட்டும், நானும் நாளைக்குப் போவேன்ல" என்கிறார்.